மேடைக்குப் போகும் மக்பெத்: மலையக நாடக வகுப்புக்கு எந்தப் பதிப்பு உதவும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜ் பாடசாலை ஷேக்ஸ்பியர் வரிசையின் ‘மக்பெத்’ ஆசிரியர் மேசைக்கு ஒன்று வாங்கலாம், காசு வீண்போகாது. மாணவருக்கு ஆளுக்கொன்று வேண்டாம். அவர்கள் கையில் இருக்க வேண்டியது, அமெரிக்காவின் ஃபோல்ஜர் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடத்தை (நாடக மூலத்தை) வெட்டிச் சுருக்கி, டவுனில் போட்டோகொப்பி எடுத்த தாள்கட்டு. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் இன்றைய ஆங்கிலம் என்று அச்சான பதிப்புகளை முதல் வாசிப்பு முடிந்த அன்றே அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையின் வகுப்பை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு. முப்பது மாணவர், நாற்பது நிமிடப் பாடவேளை, தகரக் கூரை போட்ட மண்டபம். பாதிப்பேர் நாடகமும் அரங்கியலும் படிப்பவர்கள், மீதிப்பேர் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் என்ற கலவை. நூலகத்தில் உட்கார்ந்து படிக்க எந்தப் பதிப்பும் உதவும். எழுந்து நின்று பேசும்போது எது காலைவாரும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

மக்பெத்தைத் தேர்ந்தால் ஒரு வசதி உண்டு. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுதான், ஏறத்தாழ 2,100 வரிகள். 1606 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்த நாடகம் முதன்முதலில் அச்சானது அவர் இறந்த பிறகு, 1623இல் வந்த ‘முதல் ஃபோலியோ’ என்னும் நாடகத் தொகுப்பில். அதற்கு முந்திய அச்சு ஏதும் கிடையாது. ஹாம்லெட்டுக்கும் லியர் மன்னனுக்கும் இருப்பதுபோல ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு மூன்று பழைய பாடங்கள் இல்லாததால், எந்தப் பதிப்பை வாங்கினாலும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபாடெல்லாம் பக்க அமைப்பில், குறிப்பில், மேடைக்குறிப்பில், வரி எண்ணில்.

கேம்பிரிட்ஜ் பதிப்பின் பலம் அதன் இடப்பக்கம். நாடகம் வலப்பக்கத்தில் மட்டும் ஓடும். இடப்பக்கத்தில் காட்சியின் சுருக்கம், அருஞ்சொற்பொருள், குழுவாகச் செய்து பார்க்கும் பயிற்சிகள். ரெக்ஸ் கிப்சன் தொடங்கிய வரிசை இது. ஷேக்ஸ்பியரை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்காமல் எழுந்து நின்று பேசிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் குணம் பயிற்சிகளில் தெரியும். முதல் அங்கம் ஏழாம் காட்சியில், அரசன் டங்கனைக் கொல்வதா வேண்டாமா என்று மக்பெத் தனக்குள் வாதாடும் பேச்சை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, கொல்லச் சொல்லும் வரி ஒருவருக்கு, வேண்டாம் என்னும் வரி இன்னொருவருக்கு என்று வாசிக்கவைத்தால், கொல்லச் சொல்பவருக்கு வரியே கிடைக்காமல் திண்டாடுவது வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிடும். இந்த வகைப் பயிற்சியைப் பழகிய ஆசிரியர் பிறகு தாமே புதிதாக உண்டாக்கிக்கொள்வார்.

குறைகளும் அதே இடப்பக்கத்தில்தான். அருஞ்சொற்பொருள் ஆங்கிலத்துக்கு ஆங்கிலம். நம் மாணவருக்கு விளக்கத்தை விளக்க இன்னோர் அகராதி வேண்டும். பயிற்சிகள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள வகுப்பை நினைத்து எழுதப்பட்டவை. பத்து நிமிடம் என்று அவர்கள் கணக்கிடுவதற்கு இங்கே ஒரு பாடவேளை போய்விடும். புதிய பதிப்பு வண்ணப் படங்களோடு அழகாக இருக்கிறது, ஆனால் பழையதைவிடப் பெரிய அளவு. ஒரு கையில் புத்தகம், மறு கையில் கட்டை வாள் என்று ஒத்திகை பார்க்கும் பிள்ளைக்கு அது பாரம். எல்லாவற்றையும்விட, மேடைக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கிய பாடம் அதில் இல்லை. அந்த வேலை ஆசிரியர் தலையில்தான்.

இன்றைய ஆங்கிலத்தை எதிர்ப்பக்கத்தில் தரும் பதிப்புகள் மாணவரிடையே செல்லப்பிள்ளை. கதை தெரிந்துகொள்ள ஒரு வாரம் கொடுக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் மேடையில் விளைவு தெரியும். பிள்ளை பொருளை மனப்பாடம் செய்யும், வரியை அல்ல. நடுவில் மறந்தால் எதிர்ப்பக்கத்து ஆங்கிலம் வாயில் வரும். எதிரே நிற்பவருக்கு எடுப்பு வரி கிடைக்காமல் காட்சி நின்றுபோகும். ‘இஃப் இட் வேர் டன், வென் ட்டிஸ் டன்’ என்று ஒரே சொல்லை அடுத்தடுத்துச் சுழற்றும் வரியில், செய்வதும் முடிவதும் ஒரே சொல்லாக இருப்பதுதான் மக்பெத் சிக்கிய பொறி. எளிய ஆங்கிலம் அந்தப் பொறியை அவிழ்த்து நேராக்கிவிடுகிறது. பிறகு நடிக்க என்ன இருக்கிறது?

ஆர்டன் பதிப்பு ஆய்வாளருக்கானது. பல பக்கங்களில் பாதிக்கு மேல் அடிக்குறிப்பு. நூலகத்தில் இருந்தால் பார்க்கலாம், வாங்கச் சொல்ல மாட்டோம்.

ஃபோல்ஜரின் இணையப் பாடத்துக்கு வருவோம். பார்பரா மோவட், போல் வெர்ஸ்டைன் இருவரும் பதிப்பித்த அதே பாடம், குறிப்புகள் இல்லாமல். வேர்ட் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம். வெட்டுவதற்கு வேர்ட் கோப்பு. வெறும் எழுத்துக் கோப்பை (.txt) தொட வேண்டாம், காரணம் இருக்கிறது. இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், கொலை முடித்து வந்த மக்பெத்தும் மனைவியும் ‘நீங்கள் பேசினீர்களா’, ‘எப்போது’, ‘இப்போது’, ‘இறங்கி வந்தபோதா’ என்று ஒரே அடியைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல அச்சில் இந்தத் துண்டுகள் படிக்கட்டுப்போல ஒன்றுக்குக் கீழே ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும். இடைவெளி விடாமல் பாய்ந்து பேச வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. தள்ளல் தொலைந்த அச்சில் ஒவ்வொன்றும் தனி வரியாகத் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டு நிற்பார்கள், படபடப்பு ஆறிய தேத்தண்ணியாகிவிடும்.

ஃபோல்ஜர் பாடத்தில் சில சொற்களும் மேடைக்குறிப்புகளும் மேல்மூலையில் சிறிய அரைச் சதுரக் கோடுகளுக்குள் நிற்கும். அச்சுப் பிழை என்று அழித்துவிடாதீர்கள். 1623 அச்சில் இல்லாத, பதிப்பாசிரியர் சேர்த்த இடங்கள் அவை. கோட்டுக்குள் இருக்கும் மேடைக்குறிப்பை நீங்கள் மீறலாம், யாரும் கேட்க முடியாது. கோட்டுக்கு வெளியே உள்ளதை மாற்றுவதற்கு முன் ஒருதடவை யோசியுங்கள். இந்தச் சிறு உதவி ஒன்றுக்காகவே இந்தப் பாடத்துக்கு அதிகப் புள்ளி.

பதிப்புகளைக் கலக்க வேண்டாம். ஐந்தாம் அங்கத்தின் போர்க்காட்சிகளை ஒரு பதிப்பு எட்டுக் காட்சியோடு முடிக்கும், இன்னொன்று அதற்கும் மேலே பிரிக்கும். உரைநடைப் பகுதிகளில் பக்கத்தின் அகலத்தைப் பொறுத்து வரி எண்ணே மாறும். ‘ஐந்தாவதில் எட்டிலிருந்து தொடங்குவோம்’ என்றால் மூன்று பேர் மூன்று இடத்தில் நிற்பார்கள்.

இனி வெட்டு. நாற்பத்தைந்து நிமிட நாடகத்துக்கு எத்தனை வரி? பழகிய ஆங்கில நடிகர் ஒரு மணித்தியாலத்தில் ஆயிரம் வரி பேசுவார் என்பது பொதுவான கணக்கு. நம் பிள்ளைகளுக்கு நிமிடத்துக்குப் பதினான்கு என்று வையுங்கள், 630 வருகிறது. வருகைபோகை, சண்டை, சூனியக்காரிகளின் ஆட்டம் கழித்தால் 600க்கு மேல் வைத்திருப்பது ஆபத்து. முதலில் போக வேண்டியது மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சி, சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கற்றி வருவது. அது அக்கால நாடகாசிரியர் தோமஸ் மிடில்டன் கைபட்ட சேர்க்கை என்பது அறிஞர் பலரின் கருத்து. போனால் கதை குறையாது. அடுத்து நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி, நாடகத்திலேயே நீளமானது. டங்கனின் மகன் மல்கமும் பிரபு மக்டஃபும் ஒருவரையொருவர் சோதிக்கும் பகுதியைத் தூக்கிவிட்டு, மக்டஃபின் மனைவி மக்கள் கொல்லப்பட்ட செய்தியை ரொஸ் கொண்டுவரும் கடைசிப் பகுதியை மட்டும் வையுங்கள். குழந்தைகள் எல்லாருமா என்று மக்டஃப் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த இடத்தை வெட்டுபவர் நாடகத்தின் நெஞ்சை வெட்டுகிறார்.

பாடசாலைகள் ஒழுக்கத்தின் பெயரால் முதலில் வெட்டுவது வாயிற்காவலன் பேச்சு. குடியைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் அவன் அடிக்கும் பகிடிகளை வெட்டலாம், ஆட்சேபம் இல்லை. ஆளையே வெட்டினால் அடுத்த நிமிடமே தொழில்நுட்பச் சிக்கல். முந்திய காட்சி முடிவில் மக்பெத்துக்கும் மனைவிக்கும் இரண்டு கையும் இரத்தம். கதவு தட்டப்படுகிறது, கழுவ உள்ளே ஓடுகிறார்கள். காவலன் பேசி, கதவைத் திறந்து, மக்டஃபோடு வாயாடி முடிந்ததும் மக்பெத் சுத்தமான கையோடும் இரவு அங்கியோடும் திரும்பி வர வேண்டும். அந்த நாற்பது வரி நகைச்சுவைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, கைகழுவவும் உடைமாற்றவும் கொடுத்த நேரம். குறைந்தது தொண்ணூறு விநாடி காவலனுக்குக் கொடுங்கள். இரவு முழுக்க விழித்து, கொஞ்சம் போட்டுக்கொண்டு, கதவு தட்டினால் எரிந்துவிழும் தோட்டத்து வாட்சரைப் பார்க்காத பிள்ளை மலையகத்தில் இல்லை. நடிப்புச் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படாத ஒரே பாத்திரம் இது.

இரத்தம் செய்யும் முறையை எந்தப் பதிப்பும் சொல்வதில்லை. கித்துள் பாணி 200 மில்லிலீற்றர், சிவப்பு உணவு நிறம் ஒரு தேக்கரண்டி, கருமைக்குக் கொக்கோத்தூள் அரைத் தேக்கரண்டி, துணியில் பட்டால் கழுவ எளிதாகப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. நுவரெலியாக் குளிரில் இந்தப் பாணி இறுகி நூல்நூலாய் இழுக்கும். காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பு போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வையுங்கள். நிறம் கூடினால் தோலில் சாயம் ஏறி, கழுவிய பிறகும் மக்பெத்தின் கை சிவந்தே நிற்கும். கதைக்குப் பொருத்தம்தான், ஆனால் மக்டஃப் குருடனா என்று சபை கேட்கும். முதல்நாள் மாலை ஒருவர் கையில் பூசிக் கழுவிப் பார்த்துவிடுங்கள். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு பேசின் இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு கறுப்புத் துவாய். முடிந்ததும் தரையைத் துடைக்காவிட்டால் விடிவதற்குள் எறும்புப் பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் திரள்வதுபோல).

அதே காட்சியில் இன்னொரு பொறி. மக்பெத் இரண்டு குத்துவாளோடு வருகிறான். அவற்றை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று மனைவி கேட்பது முப்பது வரிக்கு மேல் போன பிறகு. அதுவரை அவள் கண்ணில் அவை படக்கூடாது, சபைக்குத் தெரியலாம். மக்பெத் சபைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, இரண்டு வாளையும் சபைப்பக்கக் கையில் தொடையோடு ஒட்டிப் பிடித்தால் முடியும். பாணி பிசுக்கினால் வாள்கள் கையோடு ஒட்டிக்கொள்ளும், மனைவி வாங்கும்போது இழுபறியாகும். பிடியில் துணிப்பட்டை சுற்றுங்கள். கட்டையில் செய்த வாள் மட்டும். நிஜம்போல இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து கவ்வாத்துக் கத்தியை (தேயிலைச் செடி வெட்டும் கத்தியை) கொண்டுவரும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும், முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

ஓசை விஷயத்தில் எல்லாப் பதிப்புகளும் நமக்குத் தோற்றுப்போகின்றன. ஐந்தடி ஐயாம்பிக் என்று ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தமிழில் யாப்பு படித்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. அரசரும் பிரபுக்களும் பேசுவது ஐந்து சீர் கொண்ட நெடிலடி, சூனியக்காரிகள் பேசுவது நாற்சீர் அளவடி. எண்ணிக்கை அவ்வளவில் ஒத்துப்போகும். சீரின் உள்ளே வேறு கதை: நமக்கு நேர், நிரை என்று அசையின் அமைப்பு, அவர்களுக்கு எந்த அசையை அழுத்துகிறோம் என்பது. அரசர் வரி மெலிந்து தொடங்கி வலுக்கும்: த-தம், த-தம். சூனியக்காரிகளின் ‘டபுள், டபுள், டொய்ல் அண்ட் டிரபுள்’ வலுத்துத் தொடங்கி மெலியும்: தம்-த, தம்-த. தலைகீழ் ஓசையாலேயே அவர்கள் வேற்றுலகத்தார் என்று காது கண்டுகொள்கிறது. எல்லா அசையையும் ஒரே கனத்தில் பேசுவது தமிழ் நாக்கின் பழக்கம். அதை உடைக்க, வலுத்த அசைக்கு மட்டும் கால் தட்டி வாரத்துக்குப் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். உறக்கத்தில் நடக்கும் காட்சியில் லேடி மக்பெத் பேசுவது உரைநடை, அங்கே காலும் தட்டாது, மனமும் தாளத்தில் இல்லை.

தமிழில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா என்பது பெரிய விவாதம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: ‘தேன் ஆஃப் கோடர்’ என்ற பட்டத்தை அப்படியே தமிழில் சொன்னால் மூன்றாவது தடவைக்கு முன்பே சபை சிரித்துவிடும். சிற்றரசர் என்று மாற்றுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘மகபதி’ என்றே தமிழாக்கினார். 1926இல் வந்த ‘மதங்க சூளாமணி’யில் சுவாமி விபுலாநந்தர் ஷேக்ஸ்பியரின் பெயரையே செகசிற்பியார் என்று தமிழ்ப்படுத்தி அவர் நாடகங்களை ஆராய்ந்தார். மேடைப் பாடமாக இவை இன்று பயன்படா, பெயரைத் தமிழ்ப்படுத்தும் துணிச்சலைக் கற்க உதவும். துன்பியல் நாயகன் என்றால் என்ன என்று விளக்க கிரேக்கம் வரை போக வேண்டியதுமில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இதே மலைநாட்டில் நடந்த பாடம். வீரமும் அறிவும் நிறைந்தவன், தவறென்று தெரிந்தே அடி எடுத்து வைப்பவன். இராவணனையும் மக்பெத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வகுப்பு தானாகப் பேசத் தொடங்கும். மண்டோதரி தடுக்கிறாள், லேடி மக்பெத் தூண்டுகிறாள் என்பதில் ஒரு முழுப் பாடவேளை கிடைக்கும்.

காமன் கூத்து ஆடிய வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் சூனியக்காரிகளின் வரவுக்குத் தப்பு (பறை) கேட்பார்கள். கொடுங்கள், வரவுக்கும் போக்குக்கும் மட்டும். பேச்சுக்கு அடியில் அடித்தால் ஒரு சொல் கேட்காது. பனியில் தோல் தொய்ந்துவிடும். கூத்துக்காரர் செய்வதுபோல மண்டபத்துக்கு வெளியே நெருப்பில் காய்ச்சிக் கொண்டுவந்தாலும், முதல் காட்சிக்குக் காய்ச்சிய தப்பு இரண்டாம் அங்கத்தில் சத்தம் செத்துப்போகும். ஆகவே கதவு தட்டும் ஒலிக்குத் தப்பை நம்ப வேண்டாம், தடித்த பலகையில் உலக்கைத்துண்டு.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்தத் தொண்டையும் எடுபடாது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழைக்கு உரியது, மே முதல் செப்டெம்பர் வரை தவிருங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழை, வருடக் கடைசியும் தையும் கூடாது. படைவீரர் கிளைகளை ஏந்தி வர, பேர்னம் காடு நகர்ந்து வருவதுபோலத் தெரியும் காட்சிக்குப் பச்சைக் கிளையை மூன்று நாள் முன்பே வெட்டி வைப்பவர்கள் உண்டு, இலை உதிர்ந்து காடு விறகாகிவிடும். கவ்வாத்து நடக்கும் மலையில் கேட்டு வாங்கிய மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை) நல்ல எலும்புக்கூடு. காற்று அடித்தாலும் வளையாது, ஒரு கையில் பிடிக்கலாம். அன்று காலை வெட்டிய யூக்கலிப்டஸ் தழையை அதில் கட்டினால் போதும். மிலாறின் நுனி கண்ணைக் குத்தும், ஒவ்வொன்றிலும் துணி சுற்றாமல் மேடைக்கு விடாதீர்கள்.

கடைசியாகத் தாள்கட்டு. வெட்டிய பாடத்தைப் பதின்மூன்று புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு முப்பது வரிக்கு மேல் போகாமல், வலப்பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். இடப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கேம்பிரிட்ஜ் பதிப்பிலிருந்து களவெடுத்த உத்திதான் இது, ஆனால் அந்தப் பக்கத்தை மாணவர் நிரப்புவார்: அருஞ்சொல்லுக்குத் தமிழ், எங்கே நிற்பது, எந்தக் கையில் என்ன. 600 வரிக்கு இருபது தாள். பதினான்கு நடிகர் (டங்கனும் வைத்தியரும் ஒருவரே, ஃப்ளீன்ஸும் மக்டஃபின் மகனும் ஒருவரே), வரி எடுத்துக்கொடுப்பவர், ஒளி, ஒலி என்று பதினேழு கட்டு, 340 தாள். 500 தாள் கட்டு ஒன்று வாங்கினால் மீதி, நனைந்து கிழிபவற்றுக்கு. வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட வேண்டாம், பனி இறங்கும் மண்டபத்தில் ஒரு மாலையிலேயே மை கலங்கி வரி ஊறிவிடும். போட்டோகொப்பி மை நிற்கும்.